பினாங்கில் ஒரு வெள்ளிக்கிழமை

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



ஒரு நகரத்தைக் காலையிற் கண்டு மாலையில் நீங்கியவன் அதைப்பற்றிப் பேச முன்வருவது ஓரளவு துணிச்சலான காரியந்தான். அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் கேட்டால் நகைக்கவுங்கூடும். இருந்தும், மலேசியாவின் பினாங்குத் தீவிலே, ஜோர்ஜ் ரவுண் என்ற நகரில் நான் கழித்த ஒரேயொரு பகற்பொழுதைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன். பார்த்தவற்றையும் உண்டவற்றையும் சொல்வேன். அங்கே ஒருவர் என்னிடம் கேட்ட ஒரு சிறு கேள்வியையும், அதற்கு நான் சொன்ன பதிலையும் சொல்வேன். உண்மையில் அந்தப் பதிலுக்காகத்தான் இந்த உரை.

சென்ற ஆவணி மாதம், பாடசாலை விடுமுறையில், ஒரு திருமணத்துக்காகப் பட்டர்வேர்த் சென்றிருந்தேன். என் பாட்டனாரின் தம்பியார் பிரித்தானியர் காலத்தில் மலாயாப் புகையிரதப் பகுதிக்கு இலிகிதராகச் சென்று அங்கேயே தங்கிவிட்டவர். ‘மலாயன் பென்சனியர்’ என்று சொல்லத்தக்க ஒருவராவது வாழாத குறிச்சி யாழ்ப்பாணத்தில் ஒரு காலத்தில் அரிதாயிருந்தது என்பது நேயர்கள் அறிந்ததே. அவருடைய பூட்டப்பிள்ளைக்குத் திருமணம். வியாழனன்று தாலிகட்டு முடிந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை எனக்கு விமானம். இடையில் ஒரு நாள் சும்மா இருந்தது.

மணமகளின் தகப்பனார் எனக்கு அண்ணன் முறையானவர். “தம்பி, கோயிலப் பாரு, கோட்டையப் பாரு, எல்லாம் சரி. ஆனா பினாங்குக்குப் போயி சாப்பிடாம வந்தா, நீ பினாங்கப் பாக்கலேன்னு அர்த்தம்” என்று சொல்லித் துறைமுகத்தில் இறக்கிவிட்டார். நான் வெள்ளிக்கிழமைகளில் மரக்கறி உணவன்றி வேறு உண்பதில்லை. அதை அவரிடம் சொல்ல நேரமில்லாமற் போயிற்று.

பட்டர்வேர்த் பெருநிலத்தில் இருக்கின்றது. ஜோர்ஜ் ரவுண் எதிரே தீவில். 1985 இல் திறக்கப்பட்ட 13.5 கிலோமீற்றர் நீளப் பாலம் ஒன்றும், 2014 இல் திறக்கப்பட்ட இன்னும் நீண்ட பாலம் ஒன்றும் இரண்டையும் இணைக்கின்றன. ஆயினும் படகிற் போவதே தனிச் சுகம். வாகனங்களையும் மனிதரையும் ஒருங்கே ஏற்றிய பழைய இரட்டைத்தட்டுப் படகுகள் இப்போது ஓய்வு பெற்றுவிட்டன. அவற்றின் இடத்திற் சிறிய புதிய படகுகள் ஓடுகின்றன. கால் மணி நேரத்துக்குள் அக்கரை வந்துவிடுகின்றது. கடற்காற்றில் நின்று பார்த்தால், முன்னே வெள்ளைச் சுவர்களும் சிவப்பு ஓடுகளுமாகப் பழைய நகரம், அதன் பின்னே உயர்ந்த கட்டடங்கள், அவற்றுக்கும் பின்னே பச்சை மலை என்று மூன்று காலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பது போலத் தோன்றும்.

இந்த நகரத்தின் பிறப்புச் சுவையானது. 1786 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 11 ஆம் திகதி, பிரான்சிஸ் லைற் என்ற ஆங்கிலேயர் கிழக்கிந்தியக் கம்பனியின் பெயரால் இத்தீவைக் கைக்கொண்டார். கெடா சுல்தானுக்குத் தீவைக் கொடுப்பதில் ஒரு எதிர்பார்ப்பு இருந்தது. சீயத்தின் படையெடுப்பு நேர்ந்தால் ஆங்கிலேயர் துணைக்கு வருவர் என்று நம்பினார். கம்பனி அத்தகைய துணை எதையும் தரவில்லை. 1791 இல் சுல்தான் தீவை மீட்க முயன்று தோற்றார். காட்டை வெட்டக் கூலியாட்கள் தயங்கியபோது, லைற் வெள்ளிக் காசுகளைப் பீரங்கியிற் போட்டுக் காட்டுக்குள் சுடச் செய்தார் என்றும், காசைத் தேடிப்போனவர்கள் காட்டையும் வெட்டி முடித்தார்கள் என்றும் ஒரு கதை அங்கே வழங்குகின்றது. கதை மெய்யோ பொய்யோ, மனித சுபாவத்தை அறிந்த ஒருவர் கட்டிய கதை என்பது மட்டும் உறுதி.

நான் முதலிற் போனது ‘லிட்டில் இந்தியா’ என்று வழங்கும் பகுதிக்கு. பூமாலையும் சாம்பிராணியும் சினிமாப் பாட்டும் கலந்த வீதி. காலையுணவுக்கு ஒரு தள்ளுவண்டியில் ‘புட்டு மாயம்’ என்று எழுதியிருக்கக் கண்டேன். பிட்டுத்தான் என்று எண்ணி ஆவலோடு கேட்டால், தட்டில் வந்தது இடியப்பம்! சொதியும் சம்பலும் இல்லை. மேலே தேங்காய்ப்பூவும் மண்ணிறச் சீனியும். பிட்டைக் கேட்டவனுக்கு இடியப்பத்தைத் தருவது மாயந்தானே என்று எண்ணிக்கொண்டு உண்டேன். நம்மூர்ப் பழக்கத்துக்கு அது காலைச் சாப்பாடன்று, பலகாரம். ஆனால் சுவைக்குக் குறைவில்லை.

சொல் இடம்பெயர்ந்தால் பொருளும் சற்றே இடம்பெயரும் என்று வகுப்பிற் சொல்லிக்கொடுப்பவன் நான். அந்த நகரத்தின் பெயர்ப்பலகைகளே அதற்குப் பாடநூல். மலாய் மொழியிற் கடைக்குக் ‘கெடாய்’. கப்பலுக்குக் ‘கப்பால்’. பெட்டிக்குப் ‘பெத்தி’. கட்டிலுக்குக் ‘காத்தில்’. மீசைக்கு ‘மீசாய்’. கோயிலுக்குக் ‘குயில்’. வியாபாரத்துக்குப் போடும் முதல், ‘மோடால்’. நாம் சும்மா என்பதை அவர்கள் ‘சுமா’ என்று சொல்லி, ‘மட்டும்’ என்ற பொருளில் வழங்குகிறார்கள். இவை இலக்கணப் புலவர்கள் ஏற்றுமதி செய்த சொற்களல்ல. கப்பலில் வந்த வணிகரும், கடை போட்டவரும், பெட்டி சுமந்தவரும் கொண்டுவந்த சொற்கள். அவர்களுட் பலர் தமிழ் முஸ்லிம்கள் என்பதைத் தமிழாசிரியர்களாகிய நாம் பாடத்திற் சொல்வது குறைவு.

அங்கிருந்து அருகே இருக்கின்ற ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலுக்குச் சென்றேன். 1833 இல் அமைந்த கோயில். வெள்ளிக்கிழமையாதலாற் கூட்டம். தூக்கிச் செருகிய சேலையுடன் பெண்கள் எலுமிச்சை விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சீனப் பெண்ணொருத்தி ஊதுவத்தியைப் பிடித்தபடி நம்மவரோடு வரிசையில் நின்றாள். எவரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. வியப்போடு பார்த்தவன் நான் ஒருவனே.

கோயிலிலிருந்து சிறிது தூரத்தில் இருக்கின்றது ஒரு வீதி. பிரித்தானியப் பிரதமர் பிற்றின் பெயரால் முன்பு பிற் வீதி என்று வழங்கியது. இப்போது அதன் பெயர் ஜலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங். அந்த ஒரே வீதியிலே 1818 இற் கட்டப்பட்ட சென் ஜோர்ஜ் தேவாலயம் நிற்கின்றது. தென்கிழக்காசியாவின் மிகப் பழைய அங்கிலிக்கன் தேவாலயம் அதுவே. அதற்கு அப்பாற் சீனர்களின் கருணைத் தேவி குவான் யின் கோயில். தூண் தூணாக எரியும் பெரிய ஊதுவத்திகளின் புகையிற் கண் கரிக்கும். அதற்கும் அப்பால் 1801 இல் தோற்றம் பெற்ற கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களின் தலைவராயிருந்த காதர் முகைதீன் என்ற வணிகர் அதன் தாபகர். இன்று காணும் மாடங்களும் மினாராவும் பிற்காலத்துத் திருத்தங்கள். பக்கத்துத் தெருவில் நம் மாரியம்மன். நால்வகை வழிபாடும் நடந்துபோகும் தூரத்துக்குள் இருப்பதால், இதை ‘இணக்க வீதி’ என்று சுற்றுலாத் துறையினர் அழைக்கிறார்கள். 2008 ஆம் ஆண்டு ஜூலை 7 ஆம் திகதி யுனெஸ்கோ நிறுவனம் மலாக்காவையும் ஜோர்ஜ் ரவுணையும் உலக மரபுரிமை நகரங்களாக அறிவித்தமைக்கு, பல இனத்தாரின் வாழ்வும் வழிபாடும் இவ்வாறு அருகருகே நிலைத்திருப்பதும் ஒரு காரணம்.

பெயரிலுள்ள ‘கெலிங்’ என்ற சொல்லைப் பற்றியும் கூற வேண்டும். கலிங்கம் என்ற நாட்டுப் பெயரிலிருந்து பிறந்து, தென்னிந்தியர் அனைவரையும் குறித்த பழைய சொல் அது. ஒரு காலத்தில் இழிவு ஏதுமின்றி வழங்கியது. இன்று மலேசிய இந்தியரை அச்சொல்லால் அழைத்தால் அது வசவு. பள்ளிவாசலின் பெயரிலே கௌரவமாக நிற்கும் சொல், தெருவில் ஒருவனை நோக்கி வீசப்படும்போது கல்லாகிவிடுகின்றது. சொல் ஒன்றுதான். சொல்பவனின் மனம்தான் வேறு.

மணி பன்னிரண்டை நெருங்கியது. பசியும் வந்தது. ‘நாசி கண்டார்’ உண்ணாமற் பினாங்கை விட்டுப் போகக்கூடாது என்று அண்ணர் கட்டளையிட்டிருந்தாரே! நாசி என்றால் மலாயிற் சோறு. கண்டார் என்பது தோளிற் சுமக்கும் காவுதடி. முற்காலத்தில் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் காவுதடியின் ஒரு முனையிற் சோற்றையும் மறுமுனையிற் கறிகளையும் தொங்கவிட்டுச் சுமந்துசென்று, துறைமுகத் தொழிலாளருக்கு விற்றார்கள். அந்தச் சுமையே இன்று கடையாகிவிட்டது. சோற்றின்மேல் ஐந்தாறு கறிகளின் குழம்பை ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றிக் கலப்பதே அதன் சிறப்பு. ‘பஞ்சிர்’ என்று கேட்டால் வெள்ளமாக ஊற்றுவார்கள். பஞ்சிர் என்றாலே வெள்ளந்தான்.

பள்ளிவாசலுக்கு அண்மையில் ஒரு சிறிய கடை. மீசையின்றி வெண்தாடி மட்டும் வைத்த, அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் கறிச் சட்டிகளின் பின்னே நின்றார். மலாய்க்காரரும் சீனரும் அவரை “அண்ணே” என்றே அழைத்தார்கள். அதுவும் மலேசியாவில் எல்லோருக்கும் பொதுவாகிவிட்ட தமிழ்ச் சொல். என் முறை வந்ததும் என்னையறியாமலே, “நானா, எனக்கு மரக்கறி மட்டும் போதும். இண்டைக்கு வெள்ளிக்கிழமை” என்றேன்.

அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“வெள்ளிக்கிழமை சைவமா? உக்காருங்க சார்” என்றார். உள்ளே போய் வேறொரு கரண்டியும் கழுவிய தட்டும் கொண்டுவந்தார். சோறு, வெண்டிக்காய்ப் பொரியல், கோவா, ஊறுகாய், பப்படம் வைத்தார். பருப்புக் குழம்புச் சட்டியை நான் நோக்குவதைக் கண்டு, “அது தால்ச்சா சார். பாக்கப் பருப்பு மாதிரிதான் இருக்கும். அடியில ஆட்டெலும்பு கிடக்கு. உங்களுக்கு வேணாம்” என்று சொல்லி, ரசத்தை ஒரு கோப்பையில் ஊற்றித் தந்தார். அவர் சொல்லாவிட்டால் எனக்குத் தெரிந்திராது. விரும்பி உண்டிருப்பேன். ஒரு வாடிக்கையாளனின் விரதத்தைக் காப்பது அவருக்கு எவ்வித ஆதாயமும் தராத காரியம்.

உண்டு கொண்டிருக்கையில் அருகில் வந்து நின்றார். “நானான்னு கூப்பிட்டீங்களே, யாரு சொல்லிக் குடுத்தா? எங்க பாட்டி வழி நாகூர். அங்கதான் அப்படிக் கூப்பிடுவாங்க” என்றார்.

“நான் யாழ்ப்பாணம், நானா. எங்கட ஊரிலையும் முஸ்லிம் பெரியாக்களை அப்பிடித்தான் கூப்பிடுறது.”

அவர் முகம் மலர்ந்தது. “அப்படியா! அப்ப யாழ்ப்பாணத்துல நம்ம ஆளுங்க நிறைய இருக்காங்களா?”

நேயர்களே, இதுதான் அந்தக் கேள்வி. நான் சோற்றைப் பிசைந்தபடியே, “ஓம், இருக்கிறார்கள்” என்றேன்.

அவர் திருப்தியோடு தலையசைத்தார். “தொழுகைக்குக் கடையச் சாத்தணும். மெல்லச் சாப்பிடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் காசைக் கொடுத்துவிட்டு வெளியேறினேன்.

வெயில் கடுமையாக இருந்தது. கூ என்ற சீனக் குலத்தாரின் பெருமனையாகிய கூ கொங்சியைப் பார்க்கச் சென்றேன். பழைய மனை 1901 இல் எரிந்து போயிற்று. சக்கரவர்த்தியின் அரண்மனைக்கு ஒப்பாகக் கட்டியதால் தெய்வக் குற்றம் நேர்ந்தது என்று நம்பிச் சிறிது அடக்கமாகவே 1906 இல் இப்போதுள்ளதைக் கட்டி முடித்தார்களாம். அந்த அடக்கமே இப்படியென்றால், முந்தியது எப்படி இருந்திருக்கும்! கூரை முகட்டிலே பறவைகளும் வீரர்களும் பூக்களும் நெருங்கிக் கிடக்கின்றன. ஊர் விட்டு வந்தவர்கள், தம் குலத்துப் பெயரைத் தங்கத்தில் எழுதி உயரத்தில் வைத்திருக்கிறார்கள்.

தாகம் மிகுந்தது. ‘செண்டோல்’ என்ற பானத்தை ஒரு ஒடுக்கமான சந்தில் நின்று அருந்தினேன். சீவிய பனிக்கட்டியின்மேல் தேங்காய்ப்பால், பச்சை நிறத்தில் அரிசிமாப் புழுக்கள் போன்ற துண்டங்கள், அவித்த சிவப்பு அவரை, எல்லாவற்றுக்கும் மேலே கறுத்துத் தடித்த கருப்பட்டிப் பாகு. ஒரு கரண்டி வாயில் இட்டேன். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் நாவிற் கலந்த அந்தக் கணத்தில், நான் பினாங்கில் இல்லை. யாழ்ப்பாணத்தில், ஒரு பாடசாலைக் கிணற்றடியில், பத்து வயதுப் பையனாக நின்று வட்டிலப்பம் தின்றுகொண்டிருந்தேன்.

1990 ஆம் ஆண்டு. ஐந்தாம் வகுப்பு. யுத்தம் மறுபடி தொடங்கிவிட்ட காலம். பள்ளிக்கூடம் நடக்கும் நாள் நடக்கும், நடவாத நாள் நடவாது. என்னோடு ஒரே வாங்கில் இருந்தவன் ஒரு தையற்காரரின் மகன். எங்கள் வீட்டுச் சட்டைகள் எல்லாம் அவன் தகப்பனாரின் மெசினிலே தைத்தவை. அவரைத்தான் நாங்கள் நானா என்று அழைப்போம். ஒக்ரோபர் மாதத் தொடக்கத்தில், நபிகள் நாயகத்தின் பிறந்த தினத்தையொட்டி, அவன் ஒரு மூடிப்பேணியில் எனக்கு வட்டிலப்பம் கொண்டுவந்தான். அதிற் முட்டை சேர்வதால் வீட்டிற் கொண்டுபோய் உண்ண எனக்குப் பயம். கிணற்றடியில் நின்று இருவரும் தின்றோம். பேணியைக் கழுவிக் கொடுத்திருக்கலாம். விளையாட்டுப் புத்தியில் என் பைக்குள் வைத்துக் கொண்டுபோய்விட்டேன்.

அம்மா பேணியைக் கண்டு விசாரித்தார். ஏசவில்லை. “ஒருத்தர் தந்த ஏனத்தை வெறுமையாத் திருப்பிக் குடுக்கக் கூடாது. தீபாவளிக்குப் பலகாரம் சுட்டு வச்சுக் குடுத்து விடுறன்” என்றார். ஆனால் தீபாவளிக்கு முன்னர் என் பெரியம்மா காலமானதால் வீட்டில் துடக்கு. பலகாரம் சுடவில்லை. “கார்த்திகை விளக்கீட்டுக்குக் குடுப்பம்” என்று அம்மா தவணை சொன்னார்.

கார்த்திகை விளக்கீடு வருமுன் ஒக்ரோபர் 30 வந்தது. அன்று விடுதலைப் புலிகளின் உத்தரவின் பேரில் யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்கள் அனைவரும் இரண்டு மணி நேரத்துக்குள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். அந்த ஒக்ரோபர் மாதத்தில் வடமாகாணம் முழுவதிலுமிருந்து அவ்வாறு போனவர்கள் 70,000 பேருக்கு மேல். பெரும்பாலோர் புத்தளத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மறுநாள் வாங்கில் என் பக்கத்து இடம் வெறுமையாக இருந்தது. ஆசிரியர் இடாப்புக் கூப்பிடும்போது அவன் பெயரில் ஒரு கணம் நின்றார். பிறகு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். வகுப்பில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

சரியாக ஐந்து ஆண்டு கழித்து, 1995 ஆம் ஆண்டு அதே ஒக்ரோபர் 30 ஆம் திகதி, வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து மழையிலும் சேற்றிலும் தென்மராட்சிக்கு நடந்தது. அந்த இரவில் அம்மா பையில் எடுத்து வைத்தவற்றுள் அந்தப் பேணியும் ஒன்று. அதற்குள் திருநீறும் நெருப்புப் பெட்டியும் நனையாமல் வந்தன. வீடு விட்டுப் போவது எப்படியிருக்கும் என்பதை அன்று நாங்களும் அறிந்தோம். அறிந்த பிறகாவது அவனைப்பற்றிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

செண்டோலைக் குடித்து முடித்துவிட்டு நடந்தேன். ஆர்மேனியன் வீதியில் ஒரு சுவரோவியம். 2012 இல் ஏர்னஸ்ற் சக்கரேவிச் என்ற ஓவியர் வரைந்தது. சுவரிற் பதித்த மெய்யான பழைய சைக்கிள் ஒன்று. அதன்மேல் வண்ணத்தில் இரு குழந்தைகள். பெரியவள் ஓட்ட, சின்னவன் பின்னாலிருந்து இறுகப் பற்றிக்கொண்டிருக்கின்றான். எல்லோரும் அதனருகே நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் எடுத்தேன். பிறகு கோர்ன்வாலிஸ் கோட்டையைப் பார்த்தேன். ஒரு போரையேனும் காணாத கோட்டை அது. அங்குள்ள ஒல்லாந்தர் காலத்துப் பீரங்கி ஒன்றுக்குப் பெண்கள் பிள்ளைவரம் வேண்டிப் பூ வைப்பார்களாம். போர் காணாத கோட்டையும், பூ வைத்து வணங்கும் பீரங்கியும்! நம் கோட்டையை நினைத்து ஒரு பெருமூச்சு விட்டேன்.

மாலையிற் கடலோரத்துக்கு வந்தேன். சீனக் குலத்தவர்கள் கடலுக்குள் மரத்தூண்களை நட்டு, பலகைப் பாதை அமைத்து, அதன் இருபுறமும் வீடு கட்டி வாழும் துறைகள் அங்கே இருக்கின்றன. பெரும்பாலான துறைகளுக்கு ஒவ்வொரு குலப்பெயர். சியூ குலத்தாரின் துறையில், பலகையின் முடிவிற் போய் அமர்ந்தேன். எதிரே கடலுக்கப்பால் பட்டர்வேர்த். தரையில் ஓரடி நிலமில்லாதவர்கள், நீரின்மேல் ஊன்றி நூறாண்டுக்கும் மேலாக ஓரிடத்தில் நிலைத்துவிட்டார்கள். நிலத்தில் நூற்றாண்டுகளாக வாழ்ந்தவர்களை இரண்டு மணி நேரத்தில் அனுப்பியதும் இதே உலகந்தான்.

அப்போதுதான் மதியம் நான் சொன்ன பதில் எனக்கு உறைத்தது. ‘ஓம், இருக்கிறார்கள்’ என்றேன். அது பொய்யன்று. 2002 க்குப் பின்னரும் 2009 க்குப் பின்னரும் சில குடும்பங்கள் திரும்பி வந்திருக்கின்றன. பள்ளிவாசல்களில் பாங்கு ஒலிக்கின்றது. ஆயினும் அது உண்மையும் அன்று. பருப்புப் போலத் தோன்றும் குழம்பின் அடியில் எலும்பு கிடக்கிறது என்று அவர் எனக்குச் சொன்னார். நானோ எலும்பை அடியில் ஒளித்துவைத்துப் பருப்பென்று பரிமாறிவிட்டு எழுந்து வந்தேன்.

எழுந்து அந்தக் கடைக்கே திரும்பிப் போனேன். கூட்டம் இல்லை. ‘தே தாரே’ என்று அங்கே சொல்லும் இழுத்து ஆற்றிய தேநீர் ஒன்று கேட்டேன். அவர் அடையாளம் கண்டு புன்னகைத்தார்.

“நானா, மத்தியானம் நீங்கள் ஒண்டு கேட்டீங்கள். நான் சரியான பதில் சொல்லேல்லை” என்று தொடங்கி, இப்போது உங்களுக்குச் சொன்ன அனைத்தையும் சொன்னேன். அவர் மேசையைத் துடைத்தபடியே கேட்டார். எவரையும் ஏசவில்லை. என்னைத் தேற்றவுமில்லை. நான் முடித்ததும் ஒன்று மட்டும் கேட்டார்.

“அந்தப் பையன் இப்ப எங்க இருக்கான்?”

“தெரியாது.”

“தேடிப் பாத்தீங்களா?”

“இல்லை.”

“யாழ்ப்பாணத்துலேருந்து புத்தளம் எவ்வளவு தூரம் சார்?”

“பஸ்ஸில ஒரு நாலைஞ்சு மணித்தியாலம்.”

அவர் மேலும் எதுவும் சொல்லவில்லை. கடலைக் கடந்து பினாங்குக்கு வந்து மாரியம்மனையும் கருணைத் தேவியையும் பார்த்தவனுக்கு, நாலைந்து மணித்தியாலப் பயணம் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஏன் முடியாமற் போயிற்று என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். தேநீருக்கு உரிய காசை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தந்தார். “ஊருக்குப் பத்திரமாப் போங்க” என்றார். நான் கடைசிக்கு முந்திய படகைப் பிடித்து அக்கரை சேர்ந்தேன்.

ஊர் திரும்பியதும் அம்மாவிடம் சொன்னேன். அவருக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. கேட்டுவிட்டு, எழுந்து சாமியறைக்குப் போய்ப் பேணியை எடுத்து வந்தார். திருநீற்றை வேறொன்றில் மாற்றிவிட்டு, புளிபோட்டு அதை மினுக்கத் தொடங்கினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சோனகத் தெருவுக்குப் போனேன். திரும்பி வந்து கடை வைத்திருக்கும் ஒரு முதியவரிடம், தையற்கார நானாவைப் பற்றி விசாரித்தேன். அவருக்கு நினைவிருந்தது. புத்தளத்தில் ஒரே முகாமிற் சில காலம் இருந்ததாகவும், பிறகு எங்கே போனார்கள் என்று தெரியாதென்றும் சொன்னார். விசாரித்துச் சொல்வதாகவும் ஏற்றுக்கொண்டார். “இவ்வளவு காலத்துக்குப் பிறகு ஏன் மாஸ்ரர் கேக்கிறியள்?” என்றார். “ஒரு ஏனம் திருப்பிக் குடுக்கவேணும்” என்றேன். அவர் என்னைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, தன் பேரனை அழைத்து எனக்கு ஒரு பிளேன்ரீ வாங்கிவரச் சொன்னார்.

நேயர்களே, அந்த நண்பனின் பெயரை நான் இங்கே சொல்லவில்லை. அவனுடைய சம்மதமின்றிச் சொல்வது முறையன்று. ஆனால் வானொலி எங்கும் ஒலிக்கும். பத்திரிகை எங்கும் போகும். 1990 இல் ஐந்தாம் வகுப்பில், வாங்கின் இடதுபுறம் இருந்து, கிணற்றடியில் என்னோடு வட்டிலப்பம் தின்ற ஒருவர் இதைக் கேட்டால், அல்லது வாசித்தால், தம்மை அறிந்துகொள்வார். அவர் இந்நிகழ்ச்சியின் முகவரிக்கு ஒரு வரி எழுதினாற் போதும். நான் வருவேன்.

வருகின்ற தீபாவளிக்கு எங்கள் வீட்டில் துடக்கு எதுவும் இல்லை. அம்மா பயத்தம் பணியாரம் சுட இருக்கிறார்.